யாருடைய பொருள்?

உத்ஸவ மலருக்கு அடியேன் ஆண்டுதோறும் எழுதி வருவது பெரும்பாலும் வாஹனங்களின் தாத்பர்யம் பற்றியோ, திருமஞ்சனக் க்ரமம் பற்றியோ இருக்கும். இவ்வாண்டு மலர்க் குழுவினர் கேட்டபோது, ஓராண்டாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கும் வேறொரு விஷயத்தை விண்ணப்பிக்க அனுமதி பெற்றேன். ஸேவார்த்திகளாக எழுந்தருளியிருக்கும் அன்பர்கள் பலருடைய மடியிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. ஆகையால் இது கோயில் மலருக்குப் புறம்பான விஷயம் என்று யாரும் எண்ண மாட்டார்கள் என நம்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, சாற்றுமுறை முடிந்து, தீர்த்தம் சடாரி ஸாதித்த பின் கோஷ்டியார் மண்டபத்தில் ததியோன்னத்துக்காக அமர்ந்திருந்தனர். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், நாற்பது ஆண்டுகளாகக் கோஷ்டியில் தவறாமல் நிற்பவர், நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து, "ஸ்வாமி, இதைச் சற்று வாசியுங்கள்" என்றார். அவருக்கு மின்னஞ்சலில் வந்த கடிதத்தை யாரோ அச்செடுத்துக் கொடுத்திருந்தனர். அயல்நாட்டு வங்கி ஒன்றின் மேலாளர் எழுதுவதாகக் கடிதம் தொடங்கியது. எண்ணெய் வியாபாரியான தனவந்தர் ஒருவர் விமான விபத்தில் குடும்பத்தோடு மாண்டாராம். அவர் கணக்கில் 1 கோடியே 80 லட்சம் டாலர் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். இறந்தவருடைய வம்சப் பெயரும் தங்கள் வம்சப் பெயரும் ஒன்றாக இருப்பதால், தாங்களே வாரிசு என்று கையொப்பமிட்டால் போதும். நூற்றுக்கு 40 பங்கு தங்களுக்கு என்று முடிந்தது.

நம்மவர்க்கு வம்சப் பெயர் ஏது? ஆசிரியருடைய பெயருக்கு முன் நிற்கும் தலையெழுத்தை விரித்தால் வருவது அவர் தகப்பனாரின் பெயர்; அதுவோ இவ்வூர்ப் பெருமாளின் திருநாமம். அந்தத் திருநாமத்தைத் தரித்த எண்ணெய் வியாபாரி ஒருவர் ஐரோப்பாவில் விமானத்திலிருந்து விழுந்தார் என்று கேட்டதும் மண்டபமே சிரித்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் சிரித்தவன் அடியேன்தான். "தங்கள் தகப்பனார் நல்லெண்ணெய் வாங்கக் கடைக்குப் போனதுண்டு, விற்றதாக அடியேன் கேள்விப்பட்டதில்லையே" என்று ஒரு வார்த்தையும் சேர்த்தேன். ஆசிரியரும் சிரித்தார். ஆனால் எல்லோரும் சிரித்த பின் சிரித்தார். காகிதத்தை மறுபடி நான்காக மடித்து வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு மாலை நடை சாத்தும் வேளையில் அவர் தனியாக வந்து சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கிற்று. அன்று காலை அவர் மண்டபத்துக்கு வந்தது வேடிக்கை காட்டுவதற்கு அன்று. அதற்கு முந்தின வாரமே, பத்திரப் பதிவுச் செலவு என்று கேட்டவர்களுக்கு 23,000 ரூபாய் அனுப்பிவிட்டார். மனம் சஞ்சலப்படவே, நான்கு பேரிடம் கேட்டுத் தெளியலாம் என்று வந்திருக்கிறார். "அத்தனை பேர் சிரித்த பிறகு, இதை நம்பிப் பணம் அனுப்பியவன் நான் என்று எப்படிச் சொல்வேன், ஸ்வாமி?" என்றார். சொல்ல முடியாதவர், சிரித்தவர்களே தவறு என்று ஆகிவிட வேண்டும் என்ற தவிப்பில், தில்லி விமான நிலையத்துச் சுங்க வரி என்று கேட்டபோது இன்னும் 61,000 ரூபாய் அனுப்பினார். அந்த இரண்டாவது தொகையில் அடியேனுடைய சிரிப்புக்கும் பங்கு உண்டு.

இப்படிப்பட்ட கடிதங்களைக் கண்டால் நகைத்துத் தள்ளிவிடு என்றுதான் எல்லோரும் உபதேசிக்கிறோம். அந்த நகைப்பு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று விசாரிப்பதே இந்த வியாஸத்தின் நோக்கம்.

முதலில் கடிதத்தின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது மின்னஞ்சலோடு பிறந்ததன்று. விடோக் என்னும் பிரெஞ்சுத் துப்பறியும் அதிகாரியின் நினைவுக் குறிப்புகள் 1828-இல் வெளிவரத் தொடங்கின. சிறையில் இருந்தவர்கள் செல்வந்தர்களுக்கு எழுதிய 'ஜெருசலேம் கடிதங்கள்' பற்றி அவற்றில் வருகிறது. புதைத்து வைத்த நிதி ஒன்று உண்டு, அதை எடுக்கச் சிறிது முன்பணம் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். பின்னர் அதே கதை ஸ்பெயின் நாட்டுச் சிறையில் வாடும் பிரபு, அவருடைய அநாதை மகள், பூட்டிய பெட்டி என்று உருமாறி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுற்றியது. 1898-இலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதைப் பழைய மோசடி என்று எழுதிற்று. 1980-களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும், பிறகு மின்னஞ்சலிலும் வரத் தொடங்கியபோது, அந்நாட்டுக் குற்றவியல் சட்டப் பிரிவின் எண்ணாகிய 419 என்பதே இதற்குப் பெயராயிற்று. நம் நாட்டில் 420 என்போம். அவர்களுக்கு ஒன்று குறைவு. (2024 ஜூலை முதல் நம் சட்டம் மாறி அது 318-ஆம் பிரிவு ஆகிவிட்டது என்றாலும், பேச்சு வழக்கில் 420 ஆயுள் உள்ளவரை போகாது.) ஒரு தேசத்தாரைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. இன்று இக்கடிதம் எல்லாத் தேசங்களிலிருந்தும் வருகிறது. நம் தேசத்திலிருந்தும் போகிறது.

இவ்வளவு அபத்தமாக எழுதினால் யார்தான் நம்புவார்கள் என்று நாம் சிரிக்கிறோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் கோர்மாக் ஹெர்லி 2012-இல் இதே கேள்வியை எழுப்பி ஒரு விடையும் சொன்னார். கடிதம் அனுப்பச் செலவில்லை. பதில் எழுதுபவரிடம் பேசிப் பேசிப் பணம் கறப்பதற்குத்தான் உழைப்பு வேண்டும். விவரம் அறிந்தவன் பதில் எழுதிப் பாதியில் விலகினால் அந்த உழைப்பு வீண். ஆகவே விவரமானவன் முதல் வரியிலேயே சிரித்து விலகிவிடும்படியாக எழுதுவதே அவர்களுக்கு லாபம் என்றார். மடைப்பள்ளியில் அரிசி புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறத்தைத் தட்டும்போது பதர் தானே பறந்து போகிறது. அவர்களுடைய முறத்தில் பதர் நாம்தான்! நாம் சிரித்துக்கொண்டே பறந்து போக வேண்டும் என்பதும், முறத்தில் தங்கும் மணிக்கு நம் குரல் கேட்கக் கூடாது என்பதும் அவர்களுடைய ஏற்பாடு. இதை அறிந்த பின் அன்றைய சிரிப்பை நினைத்தால் அடியேனுக்குக் கர்வம் கொள்ள ஒன்றுமில்லை.

பரதர் நாட்ய சாஸ்த்ரத்தில் சிரிப்பை ஆறு வகையாகப் பிரிக்கிறார். பல் தெரியாத ஸ்மிதமும், சற்றே மலர்ந்த ஹஸிதமும் உத்தமர்களுக்கு உரியவை, உபஹஸிதம் நடுத்தரத்தாருக்கு, உரக்க அதிரும் அதிஹஸிதம் கடைசித் தரத்தாருக்கு. பாடசாலையில் இதை உருப்போட்டபோது நடிகர்களுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன். அன்று மண்டபத்தில் எழுந்தது எந்த வகை என்று இப்போது தெரிகிறது.

சரி, ஆசிரியர் ஏன் ஏமாந்தார்? அறிவுக் குறைவு என்று சொல்ல அடியேனுக்கு நா எழவில்லை. இவ்வூரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1995 முதல் 1998 வரை பிரேசில் தேசத்து பாங்கோ நோரோயெஸ்தே என்னும் வங்கி, நைஜீரியாவின் அபூஜா நகரில் கட்டப்படுவதாகச் சொல்லப்பட்ட, கட்டப்படவே படாத ஒரு விமான நிலையத்துக்காக 24 கோடியே 20 லட்சம் டாலரை இழந்தது. ஏமாந்தவர் பணத்தையே தொழிலாகக் கொண்ட உயர் அதிகாரி. அவருக்குக் காட்டிய ஆசை தரகுத் தொகை. புத்தி கூர்மையாக இருப்பது இவ்விஷயத்தில் காவல் ஆகாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கூர்மையான புத்தி, ஆசைக்கு நல்ல வக்கீலாக அமைவதும் உண்டு.

ஆசிரியரின் ஆசையாவது என்ன? பேத்தியின் கல்லூரிக் கட்டணம், மீதியில் நம் மடைப்பள்ளிக்குப் புது ஓடு. அதைச் சொல்லும்போதுதான் அவர் கண் கலங்கினார். பணத்தைத் தான் அனுபவிப்பதாக அவர் ஒரு கணமும் நினைக்கவில்லை. இக்கடிதம் எழுதுபவர்கள் இந்த நற்குணத்தையும் அறிந்தவர்கள். நோயுற்ற விதவை ஒருத்தி தன் செல்வத்தைத் தெய்வ காரியத்துக்குக் கொடுக்க நல்ல ஆத்மாவைத் தேடுவதாக வரும் கடிதங்கள் அநேகம். பேராசைக்காரனை மட்டும் பிடிக்கும் வலையாக இருந்தால் இவ்வளவு பேர் சிக்க மாட்டார்கள்.

ஆனாலும் ஒன்றை அவரிடம் மெதுவாகக் கேட்டேன்: "அந்தப் பணம் யாருடையது, ஸ்வாமி?" இறந்தவருடையது என்றால் அவருடைய வாரிசுகளுக்குச் சேர வேண்டும், வாரிசு இல்லையேல் அந்நாட்டு அரசுக்கு. நாம் வாரிசு அல்ல என்பது நமக்கே தெரியும். வாரிசு என்று எழுதிக் கொடுக்கும்படிதான் கடிதம் கேட்கிறது. கடிதம் பொய் என்பது நமக்கு நேர்ந்த நஷ்டம். மெய்யாகவே இருந்திருந்தாலோ அது நாம் செய்த திருட்டு. மடைப்பள்ளிக்கு ஓடு வேய்ந்தாலும் அது திருட்டுப் பொருளின் ஓடுதானே? ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. "மெய்யா பொய்யா என்று நூறு தடவை யோசித்தேன். யாருடையது என்று ஒரு தடவையும் யோசிக்கவில்லை" என்றார்.

ஈசாவாஸ்யோபநிஷத்தின் முதல் மந்திரம் பொருளாசையை விலக்கி முடிகிறது. அதன் கடைசிச் சொற்களுக்கு, எவருடைய பொருளையும் விரும்பாதே என்றும், பொருள்தான் யாருடையது என்றும் இரண்டு விதமாக அர்த்தம் கொள்வதுண்டு. பாடசாலையில் இரண்டாவது அர்த்தம் வேதாந்திகளுக்கு உரியது என்று விட்டுவிட்டேன். மின்னஞ்சலைத் திறக்கும்போதும் அது பயன்படும் என்று அப்போது யார் கண்டார்?

இந்தக் கேள்வி இனிமேல்தான் மிகவும் தேவைப்படும். முன்பெல்லாம் கடிதத்தின் பிழைகளைக் கண்டு சிரித்தோம். இப்போது இயந்திரமே பிழையின்றி எழுதிக் கொடுக்கிறது. நல்ல தமிழிலும் எழுதுகிறது. பிழையை நம்பிச் சிரித்தவன் அங்கே ஏமாறுவான். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்தது என்றாலும் கேள்வி அதேதான். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரியே தடை செய்யப்பட்டிருக்கிறது. அயல்நாட்டு லாட்டரிக்கு இங்கிருந்து பணம் அனுப்புவதும் அந்நியச் செலாவணி விதிகளின்படி கூடாது. ரிசர்வ் வங்கியில் தங்கள் பெயரில் பணம் இருக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள்; அவ்வங்கி தனி மனிதர் பெயரில் கணக்கே வைப்பதில்லை. (போலீஸ் உடையில் தோன்றிப் பயமுறுத்திப் பறிப்பது வேறு வகை. அங்கே வேலை செய்வது ஆசையன்று, அச்சம். அதை இங்கே எடுத்தால் மலர் போதாது.)

எழுதுகிறவன் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி கட்டாயப்படுத்தப்படலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. 2022-இல் மியான்மரின் மியாவாடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் நம் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தனர். தாய்லாந்தில் கை நிறையச் சம்பளம் என்ற வார்த்தையை நம்பிப் போனவர்கள் அவர்கள். சிறையிலிருந்து எழுதுவதாகப் பொய் சொன்ன பழைய கடிதம், இன்று சில இடங்களில் மெய்யாகவே சிறையிலிருந்து எழுதப்படுகிறது. இதை அறிந்த நாளிலிருந்து, பொழுதுபோக்குக்காக அவர்களுக்குப் பதில் எழுதி அலைக்கழிப்பவர்களைக் கண்டால் அடியேனுக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆசிரியரை அடியேனே அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுத்தோம். நாள் கடந்துவிட்டதால் பணம் திரும்பவில்லை. உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்திருந்தால், பணம் கை மாறுமுன் நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கலாம் என்றார்கள். அந்த முதல் வாரத்தில் அவர் எங்களிடம்தான் வந்தார்.

இப்போது மாதம் ஒரு முறை, ததியோன்னம் ஆன பிறகு, ஆசிரியரே தமக்கு வந்த கடிதங்களை எடுத்து உரக்க வாசிக்கிறார். சென்ற மாதம் ஒரு சுரங்க அதிபர் அவருடைய வம்சத்தில் சேர்ந்தார். முதல் சிரிப்பு அவருடையதுதான். தம்மைப் பற்றிய சிரிப்பு ஆதலால் மற்றவர்கள் தயங்காமல் சேர்ந்துகொள்கிறார்கள். வாசித்து முடித்ததும் காகிதத்தை மடித்துக்கொண்டே, "யாருக்காவது இப்படி வந்து, ஏதாவது அனுப்பியிருந்தால், மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். நானும் அனுப்பியவன்" என்று சொல்கிறார்.

இதுவரை இருவர் போயிருக்கிறார்கள். ஒருவர் அன்று மண்டபத்தில் அடியேனுக்கு அடுத்தபடியாக உரக்கச் சிரித்தவர்.