ஆறில்லாத ஊரில் அயலவர்

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களுக்குள்ளால் போய் அராலியில் கடல்நீரேரியைச் சேரும் வழுக்கையாற்றுக்கு மாரியில் மட்டும்தான் உயிர். எங்கள் சுன்னாகத்திலிருந்து அது எட்டாத தூரமும் இல்லை. ஆனால் எங்களை வளர்த்தது கிணற்றுத் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கே கிடக்கிறது என்று யோசித்தவர்கள் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. எல்லோருடைய வாளியும் விழுவது அதற்குள்தான். கீரிமலைக் கேணியில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதும் இந்தக் கல்லின் வேலையே. ஆற்றங்கரை ஊரில் மேலே இருப்பவன் குப்பை கொட்டினால் கீழே இருப்பவன் கண்டு சண்டைக்கு வருவான். எங்களுக்கு மேல் எது, கீழ் எது என்றே தெரியாது.

வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டால் நீதிமன்றம் வரை போகிற ஆட்கள் நாங்கள். அதே ஆட்கள்தான் ஒரு காலம் பங்குக் கிணறும் வைத்திருந்தார்கள். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதி, துலா மிதித்து முறை வைத்து இறைத்தார்கள். முறை பிந்தினால் வாய்த்தர்க்கம். அந்தத் தர்க்கம் நல்லது என்பதே என் எண்ணம். தண்ணீர் பொது என்பதை அது நாளாந்தம் நினைவூட்டியது. பிறகு ஆளுக்கொரு கிணறு, வீட்டுக்கொரு மோட்டார். சண்டையும் நின்றது, பேச்சும் நின்றது.

சுன்னாகம் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் எங்கள் கிணறுகளில் மிதந்தபோதுதான் ஒரே கிணற்றில் குடித்திருக்கிறோம் என்று எங்களுக்கு உறைத்தது. சொந்தக் கிணறு முற்றத்தில் இருக்க, பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. சரியான தீர்ப்புத்தான்.

எண்ணெய் நாறும், கண்ணுக்கும் தெரியும். அதற்கு ஒரு எதிராளியும் கிடைத்தான். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளி எறிகிற பசளையின் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டி எத்தனையோ வருடமாகிறது. இதற்கு யார்மேல் வழக்குப் போடுவது? எதிராளியின் இடத்தில் நாங்கள்தானே நிற்கிறோம்.

மலசலகூடக் குழியில் கசிவதும் இதே தண்ணீரில்தான் சேர்கிறது. அதனால் புது வீடு கட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குழி வெட்டுமுன் உங்கள் கிணற்றுக்கு மட்டும் தூரம் அளக்காதீர்கள். பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் நாடாவை இழுத்துப் பாருங்கள்.