முகம் காணாத நோயாளி



1895இல் எக்ஸ்ரே கதிரைக் கண்டறிந்த ராண்ட்ஜன் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. 1901இல் பெற்ற நோபல் பரிசுப் பணத்தையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார்.

இன்றோ, எக்ஸ்ரே இயந்திரம் இருந்தும் படத்தைப் பார்த்துச் சொல்ல நிபுணர் இல்லாத ஆஸ்பத்திரிகள் பல. அப்படம் கணினி வழியே சில நிமிடங்களில் கடல் கடந்து வந்துவிடும். நிபுணர் குறைந்த கட்டணத்திற்கோ இலவசமாகவோ பார்த்துச் சொல்லலாம்.

கட்டணம் குறைந்தால் கவனமும் குறையலாமா? நெஞ்சுப் படத்தில் காசநோயின் நிழலைத் தவறவிட்டால், நோய் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும். அந்த ஏழை நம்மைத் தேடி வந்து கேட்கவும் முடியாது. கேட்க முடியாதவரிடம்தான் நம் கடமை கூடுகிறது.

தொண்டு செய்ய நினைக்கும் மருத்துவ அன்பர்கள் படத்துடன் அங்குள்ள டாக்டரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். நேரமில்லையேல் ஒரு படம் குறைவாகப் பாருங்கள். பார்ப்பதை முழுமையாகப் பாருங்கள்.