குதிரைமேல் இருப்பவன்

வறுமையை அழகாக வரையலாமா? கேட்டவுடனே, “அப்ப அசிங்கமா வரையணுமா?” என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

மில்லே 1857இல் பாரிஸ் சலோனில் வைத்த ‘கதிர் பொறுக்குபவர்கள்’ ஓவியத்தில் மூன்று பெண்கள். அறுவடை முடிந்த வயல். இருவர் குனிந்து சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள், மூன்றாமவள் பாதி குனிந்து நிற்கிறாள். பைபிளில் ரூத்தின் கதை படித்தவர்களுக்குத் தெரியும், இது ஏழைகளுக்கு விடப்பட்ட உரிமை. பிச்சை கிடையாது. ஆனால் அவர்கள் கையில் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் உரிமை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பெண்கள் சிலைபோலக் கம்பீரமாக இருக்கிறார்கள் என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் இருப்பது. வெயிலில் மின்னும் கதிர்ப்போர்கள், நிறைந்த வண்டி, வலது பக்கத்தில் குதிரைமேல் ஒரு மேற்பார்வையாளன். சட்டென்று கண்ணில் படமாட்டான், அவ்வளவு சின்ன உருவம். அவனை அழித்துவிட்டால் இது உழைப்பைப் போற்றும் படம், அவ்வளவுதான். அவன் இருப்பதால், இவ்வளவு விளைந்தும் இவர்கள் ஏன் குனிய வேண்டும் என்ற கேள்வி வந்துவிடுகிறது. 1848 புரட்சி முடிந்து ஒன்பதே வருடம். சலோன் விமர்சகர்கள் சிலர் மிரண்டதில் ஆச்சரியமில்லை.

மில்லேயை ஆசானாக நினைத்த வான்கோ, 1885இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ வரைந்தபோது அந்த வெயிலை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு விளக்கு, ஐந்து பேர், தோல் உரிக்காத கிழங்கின் நிறம். தட்டுக்குள் நீளும் கைகள்தான் மண்ணையும் தோண்டியவை, அதைக் காட்டத்தான் வரைந்தேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். நண்பர் ரப்பார்டுக்குப் படம் பிடிக்கவில்லை, கடிதத்தில் கிழித்துவிட்டார். நான் வான்கோ கட்சி. முழுசாக இல்லை. குடிசைக்குள்ளேயே நின்றுவிடுவதால் அந்த வறுமை யாராலும் வராத ஒன்றாக, இயற்கைபோல ஆகிவிடுகிறது.

மில்லேயின் ‘ஆஞ்சலஸ்’ இன்னும் சாது. கிழங்கு தோண்டுவதை நிறுத்திவிட்டு இருவர் தலைகுனிந்து ஜெபிக்கிறார்கள். தூரத்தில் தேவாலயக் கோபுரம், குதிரை கிடையாது. மில்லே இறந்து 14 வருடம் கழித்து, 1889 ஏலத்தில் அது ஐந்து லட்சம் பிராங்கைத் தாண்டியது. பணிவான ஏழையைச் சுவரில் மாட்டுவதில் யாருக்கு என்ன சங்கடம் என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் ‘கதிர் பொறுக்குபவர்கள்’ ஓவியத்தையும் ஷாம்பெயின் முதலாளி மதாம் பொம்மரிதான் வாங்கினார். அவர் கொடையாக 1890இல் அது லூவருக்குப் போனது. குதிரைக்காரன் அவரை உறுத்தினானா, தெரியாது.

இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகிறவர்கள் வலது பக்கத்தையும் பாருங்கள்.