வீட்டுரிமையும் சமத்துவமும்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒரே மூச்சிற் சொல்லிப் பழகிவிட்டோம். முதலிரண்டையும் ஒருவருக்கு மறுப்பது அநீதி என எவரும் ஒப்புக்கொள்வர். மூன்றாவது மட்டும் அவரவர் கெட்டித்தனத்தைப் பொறுத்தது என எண்ணுவோர் நம்மிடையே பலர்.

தென்னாபிரிக்காவில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை 1950ஆம் ஆண்டுச் சட்டமொன்று தோலின் நிறங்கொண்டு தீர்மானித்த நாடு அது. ஆகவேதான் நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் 1996இல் வகுக்கப்பட்ட அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, போதிய வீட்டுவசதியைப் பெறும் வாய்ப்பை எல்லோருக்கும் உரிமையாக்கியது. கையிலுள்ள வளத்துக்கு இயன்றவாறு அரசு அதைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும்.

கேப் டவுணுக்கு அண்மையிலுள்ள வொலஸ்டீன் குடிசைப் பகுதி மக்கள், மலிவு வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வெள்ளத்தின் நடுவே காத்திருந்தனர்; 7 ஆண்டுகள் காத்திருந்தோரும் உண்டு. 1998இல் சிலர் பொறுமையிழந்து பக்கத்துத் தனியார் காணியொன்றிற் குடியேறினர். அக்காணியோ மலிவு வீடுகள் கட்டவென ஒதுக்கப்பட்டிருந்தது. 1999 மே மாதம், குளிர்மழை தொடங்கும் வேளையில், புல்டோசர்கள் வந்தன. தட்டுமுட்டுச் சாமான்களும் எரிக்கப்பட்டன. மைதானமொன்றில் பிளாஸ்திக் விரிப்புகளின்கீழ் ஒதுங்கிய 390 பெரியவர்களும் 510 பிள்ளைகளும், ஐரீன் குரூட்பூம் என்ற பெண்ணை முதல் மனுதாரராகக் கொண்டு வழக்காடினர்.

வரிசையில் நிற்பவர்களை முந்த இவர்களை விடுவது நியாயமா? பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கியூவில் நின்ற நமக்கு இக்கேள்வியின் காரம் நன்கு தெரியும். ஆனால், கூரையின்கீழ் காத்திருப்பவரையும் மழையில் நனையும் பிள்ளையையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை.

2000 ஒக்டோபரில் நீதியரசர் சக் யாக்கூப் எழுதிய தீர்ப்பு இரண்டையும் கருத்திற் கொண்டது. கேட்டவுடன் வீடு பெறும் உரிமை எவருக்குமில்லை. காணி பிடித்து அரசை நெருக்குவதையும் அது ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வழிசெய்த அரசின் முயற்சியையும் அது குறைத்து மதிக்கவில்லை. எனினும், தலைக்குமேல் எதுவுமே இல்லாதோருக்கு அத்திட்டத்தில் இடமில்லாமையால் அது நியாயமானதன்று எனத் தீர்த்தது. எத்தனை வீடு என்ற கணக்கு மட்டும் போதாது, விடுபட்டோர் யார் என்றும் பார்க்கவேண்டும் என்பதே அதன் கருத்து. சமத்துவத்துக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் அறியேன்.

ஆனால் இன்ன நாளுக்குள் செய் என்று நீதிமன்றம் தவணை விதிக்கவில்லை. அவசர வீட்டுத் திட்டம் 2004இல்தான் வந்தது. ஐரீனுக்கு வீடு கிட்டவேயில்லை. 2008இல் குடிசைவாசியாகவே காலமானார்.