மஞ்சள் சட்டை

கிடைக்கவில்லையே என்று அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். கிடைத்துவிட்டதே என்று அழுத ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் ஆந்த்ரேயா கர்ரேயா. இத்தாலிய சைக்கிள் வீரர். ஃபவுஸ்தோ கோப்பியின் அணியைச் சேர்ந்தவர். கோப்பியோ சாலையிலும் ஓடுகளத்திலும் ஈடற்றவர். 1942-இல் மிலானில் ஒரே மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி உலக சாதனை செய்தவர்; 1949-இல் இத்தாலி, பிரான்ஸ் ஆகிய இரு நாட்டுப் பெரும் பந்தயங்களையும் வென்றவர்.

கர்ரேயா போன்ற துணை வீரர்களை இத்தாலியில் 'கிரெகாரியோ' என்பார்கள். மந்தையைக் குறிக்கும் சொல்லில் பிறந்த பெயர் அது. தலைவனுக்குத் தண்ணீர் கொண்டுவருவது, எதிர்க்காற்றைத் தம் மார்பில் ஏற்று அவனுக்கு மறைப்பாவது, அவன் சக்கரம் பழுதானால் தம்முடையதைக் கழற்றிக் கொடுப்பது — இவைதாம் அவர்கள் தொழில்.

1952-ஆம் ஆண்டின் டூர் த பிரான்ஸ் பந்தயம். மூலூஸிலிருந்து லோசானுக்கு ஓட்டிய நாளில், முந்திச் சென்ற சிலரைக் கண்காணிக்கத் தலைவருக்காகக் கூடவே போனார் கர்ரேயா. பின்னால் வந்தவர்களால் அந்தக் கூட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. கணக்குப் பார்த்தால், மொத்த நேரத்தில் முதலிடம் அவருக்கு! முதல்வன் அணியும் மஞ்சள் சட்டையை அவருக்கு அணிவித்தார்கள். அவர் அழுதார். தலைவர் என்ன நினைப்பாரோ என்ற கலக்கம். மறுநாள் ஆல்ப் தூயேஸ் மலையில் கோப்பி வென்றார். 5 விநாடி வித்தியாசத்தில் சட்டை அவரிடம் போயிற்று.

முதலில் எனக்குப் பரதன் நினைவு வந்தது. யோசித்தபோது அந்த ஒப்புமை நிலைக்கவில்லை. பரதனுக்கு மறுக்கும் உரிமை இருந்தது. கர்ரேயாவின் பிழைப்போ தலைவரின் முகக்குறிப்பில் இருந்தது. அப்படியானால் அவர் கோழையா? இல்லை. நாஜிகளின் பூஹன்வால்ட் முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர் அவர்.

இதை விசுவாசம் என்று புகழ எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் உண்டபின் மிச்சத்தை உண்கிறவளைத் தியாகி என்று போற்றுகிறோமே, அந்தப் போற்றுதலில் நம் சௌகரியமும் கலந்திருக்கிறதல்லவா?

கோப்பியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பந்தயத்தில் வெல்வது குற்றமாகாது. அந்தக் கண்ணீரை அவர் கேட்கவுமில்லை. எனக்கு அச்சம் தருவதும் அதுதான். கேட்காமலே கிடைக்கும் பணிவு, பெறுகிறவன் கண்ணில் படுவதே இல்லை.

28 நிமிடத்துக்கும் அதிகமான இடைவெளியில் கோப்பி அந்தப் பந்தயத்தை வென்றார். அவருக்காக உழைத்துக்கொண்டே கர்ரேயா 9-ஆவதாக வந்தார். கோப்பி 1960-இல், 40 வயதில், மலேரியாவால் மறைந்தார். கர்ரேயா 88 வயது வரை வாழ்ந்து 2013-இல் காலமானார்.

சேவை செய்கிறவனுக்கு அறம் சொல்ல நம்மிடம் நூல்கள் ஏராளம். சேவை பெறுகிறவனுக்குச் சொன்னவை குறைவு. என் மீது காற்று படாத நாட்களில், எனக்கு முன்னால் யார் மார்பில் அது அறைகிறது என்று நான் எத்தனை முறை நிமிர்ந்து பார்த்திருக்கிறேன்?