பிறர் வீட்டுக் குப்பையைக் கிளறலாமா?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். நகராட்சியில் துப்புரவுப் பிரிவில் ஆய்வாளராக வேலை பார்க்கிறார். காலை ஆறு மணிக்கு வீதியில் இறங்க வேண்டும். எந்த வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்கிறார்கள், எந்த வீட்டில் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி எறிகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இரவோடு இரவாகக் கால்வாய்க் கரையில் கொட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டுபிடித்து அபராத ரசீது எழுத வேண்டும். அதுதான் அவருடைய உத்தியோகம்.

"மாமா, ஒரு சந்தேகம். கரையில் கிடக்கிற பையை யார் போட்டது என்று தெரியாது. ஒரு கம்பை எடுத்துப் பையைக் கிழித்துப் பார்ப்போம். கரண்ட் பில், கேஸ் ரசீது, கல்யாணக் கடிதத்தின் உறை, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஏதாவது ஒன்றில் முகவரி கிடைக்கும். அதை வைத்து அந்த வீட்டுக்குப் போவோம். ஆனால் முகவரியைத் தேடும்போது மற்றதெல்லாம் கண்ணில் படுகிறது. அடுத்தவர் குறையைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஓதியிருக்கிறோமே, நான் வாங்குகிற சம்பளம் ஹலால்தானா?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. கேள்வி கடினமானது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வீட்டின் குப்பையில் என்னதான் இருக்கிறது? நம் தாய்மார்களைக் கேட்டால் மீன் செதிலும் தேங்காய்ச் சிரட்டையும் என்பார்கள். அவ்வளவுதானா? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்பதை ஊசி சொல்லும். மருமகளுக்குப் பிள்ளை இல்லாத குறைக்கு எங்கே வைத்தியம் நடக்கிறது என்பதை மருந்துச் சீட்டு சொல்லும். வங்கியிலிருந்து வந்த கடன் நோட்டீசும், மகன் தோற்ற பரீட்சையின் மதிப்பெண் தாளும், வாசலில் சொல்ல வெட்கப்படும் எத்தனையோ விஷயங்களும் அந்த முடிச்சுக்குள் இருக்கின்றன. அண்டை வீட்டார் நாற்பது வருஷம் பழகியும் அறியாததை அந்தப் பை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

நம் நாட்டுப்புறத்தில் முன்பு இந்தக் கவலை இல்லை. விளையோடு சேர்ந்த வீடுகள். அடுக்களைக் கழிவு வாழை மூட்டுக்குப் போகும், சாம்பல் தென்னைக்குப் போகும், மிஞ்சியது குழிக்குள் மக்கும். வீட்டின் குப்பை வீட்டைவிட்டு வெளியே போனதில்லை. ஐந்து சென்ட் நிலத்தில் வீடு கட்டிச் சுற்றிலும் சிமெண்ட் பூசி, பாலிதீன் பையும் வந்து சேர்ந்த பிறகுதான் நம் அந்தரங்கம் தெருவுக்கு வந்தது.

சட்டமும் பின்னாலேயே வந்தது. திடக்கழிவு பற்றி மத்திய அரசு முதலில் 2000ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தது. 2016 ஏப்ரலில் வந்த விதிகள், வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை, தீங்கு தரும் குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும். தெருவிலோ நீர்நிலையிலோ கொட்டக் கூடாது, எரிக்கவும் கூடாது என்று வீட்டுக்காரர் மீதே கடமையை வைத்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. சட்டம் இருந்தால் அதை நடத்திவைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் நம் தம்பி கையில் கம்போடு கரையில் நிற்கிறார்.

எந்தக் கரை? பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளைக் கொண்ட கோதையாற்றுப் பாசனத்தில் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாய் என்று ஒரு கிளை உண்டு. அதுபோன்ற கால்வாய்களை நம்பித்தான் இந்தப் பக்கத்து வயல்கள் இருக்கின்றன. மேலே ஒருவர் எறிந்த பை கீழே மடையில் போய் அடைக்கிறது. கடைமடைக்காரன் இடுப்பளவு சாக்கடையில் இறங்கி அதை இழுத்துப் போட்டால்தான் அவன் வயலுக்குத் தண்ணீர். அவன் யார் வீட்டுப் பையை இழுத்தான் என்று அவனுக்கும் தெரியாது, எறிந்தவருக்கும் தெரியாது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். மக்கள் நடக்கும் வழியிலும் அமரும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடிக்கொள்ளும் செயல் என்று எச்சரித்தார்கள். இந்த ஹதீஸ்களை நாம் மேடையில் கேட்டுத் தலையாட்டுகிறோம். ஆனால் அதை நடத்திவைக்க ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தால் முகம் சுளிக்கிறோம். அவருடைய வேலை இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதா? கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்களே கைவிட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்தார்கள். பிற்காலத்தில் இந்தப் பொறுப்புக்கு முஹ்தஸிப் என்றே ஒரு பதவி ஏற்பட்டது. கி.பி. 1058இல் மறைந்த மாவர்தீ (ரஹ்) அவர்கள் அரசாட்சி பற்றிய தம் கிதாபில் முஹ்தஸிபுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார்கள். வீதியை ஆக்கிரமிப்பவரையும், வழிப்போக்கருக்கு இடைஞ்சல் செய்பவரையும் தடுப்பது அவர் கடமைகளில் அடங்கும். ஆகவே சம்பளம் ஹலால்தானா என்ற கேள்விக்கு நான் அஞ்சவில்லை. கம்பு எதுவரை போகலாம் என்பதுதான் எனக்குக் குழப்பம்.

இங்கே ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதை எடுத்துக் கூறுகிறார்கள். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா, ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து உள்ளே தவறு நடப்பதைக் கண்டு அதட்டினார்கள். அந்த மனிதரோ பதறவில்லை. தாம் ஒரு குற்றம் செய்ததாகவும், கலீஃபா மூன்று செய்துவிட்டதாகவும் சொன்னார். துருவி ஆராய்ந்தது ஒன்று. வாசல் வழியே வராமல் சுவரேறி வந்தது ஒன்று. அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழைந்தது ஒன்று. மூன்றும் திருக்குர்ஆன் தடுத்தவை. உமர் (ரலி) அவர்கள் அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஆட்சியே கையில் இருந்தவர் ஒரு குடிமகனின் சுவருக்கு முன்னால் தலைகுனிந்தார்!

இதிலிருந்து இமாம் அவர்கள் ஓர் எல்லை வகுக்கிறார்கள். கதவை மூடிக்கொண்டவரின் வீட்டில் காதை வைத்துக் கேட்கக் கூடாது. ஆனால் உள்ளே நடப்பதன் ஓசை வீதிவரை வந்துவிட்டால் அது வெளிப்பட்ட தவறு, தடுக்கலாம். சுவர்தான் எல்லை. சரி, முடிச்சுப் போட்ட ஒரு பை சுவருக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

இந்தக் கேள்வியை அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமே ஒருமுறை விசாரித்தது. கலிபோர்னியாவில் ஒருவர் வாசலில் வைத்த குப்பைப் பைகளைப் போலீசார் குப்பை அள்ளுபவர் மூலம் வாங்கிக் கிளறிப் போதைப்பொருள் தடயத்தைக் கண்டுபிடித்தனர். தெருவில் வைத்துவிட்ட குப்பைக்கு அந்தரங்கம் கிடையாது என்று 1988இல் நீதிபதிகள் ஆறு பேர் தீர்ப்புச் சொன்னார்கள், இருவர் மறுத்தார்கள். அந்த இருவர் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. வாசலில் வந்து கேட்கும் துப்புரவுப் பணியாளர் கையில் நாம் கொடுக்கும் பை ஓர் அமானிதம். பிரித்திருக்கிறதா என்று அதைத் திறந்து பார்க்கலாம். அதற்குமேல் பார்க்க உரிமை இல்லை. கால்வாய்க் கரையில் வீசப்பட்ட பை அப்படியல்ல. வீசியதே வெளிப்பட்ட தவறு. அதன் ஓசை வீதிக்கு வந்துவிட்டது. வீசியவர் யார் என்று தேடலாம். ஆனால் முகவரி கிடைத்த இடத்தில் கம்பு நின்றுவிட வேண்டும். பிறர் குறையை மூடியவரின் குறையை அல்லாஹ் மூடுவான் என்ற நபிமொழி, முகவரி தவிர்ந்த மற்ற எல்லாவற்றின் மீதும் போர்வையாகக் கிடக்கிறது.

இது வெறும் கிதாபுப் பேச்சல்ல. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய ஆஸ்பத்திரிக் கழிவு நினைவிருக்கலாம். பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, வந்த வழியே லாரிகளில் திருப்பி எடுத்துப் போனார்கள். எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்தவை அதில் கிடந்த நோயாளிகளின் சீட்டுகள். ஆஸ்பத்திரியின் பெயர்தான் தேவைப்பட்டது. ஆனால் யாரோ ஒரு தாயின் வியாதியும் பெயரும் வயல்வரப்பில் மல்லாந்து கிடந்தன. அந்தத் தாய் என்ன குற்றம் செய்தாள்?

இனி நான் தள்ளிவைத்த காரணத்தைச் சொல்லவேண்டும். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில் எங்கள் வீட்டில் குர்பானி கொடுத்தோம். குடலையும் சாணத்தையும் சாக்கில் கட்டி, குழிவெட்டிப் புதைக்கச் சொல்லி ஒரு பையனிடம் காசு கொடுத்தேன். புதைத்தானா என்று பார்க்கவில்லை. மறுநாள் காலை இந்தத் தம்பி வாசலில் நின்றார். ஸலாம் சொல்லி, உள்ளே வரலாமா என்று கேட்டு, வந்ததும் கதவைச் சாத்தினார். பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். இதே பத்திரிகை தபாலில் வந்த மேலுறை! என் பெயரும் விலாசமும் அதில் ஒட்டியிருந்தன. சாக்கு கால்வாய்ச் சரிவில் கிடந்ததாம்.

"மாமா, இது உங்கள் வீட்டுச் சாக்கா? நீங்களா போடச் சொன்னீர்கள்?" என்று முதலில் கேட்டார். விலாசம் மட்டும் சாட்சி ஆகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம வீடுதானே மக்களே, விட்டுடு" என்று என் வாயிலிருந்து வந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "முந்தாநாள் கொல்லர் தெருவில் ஒரு விதவைக்கு எழுதினேன் மாமா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உயர்குலப் பெண் ஒருத்தி திருடியபோது அவளுக்காகச் சிபாரிசு செய்தவர்களை நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கண்டித்தார்கள் என்ற ஹதீஸை மஃரிபுக்குப் பின் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தச் சிறுவர்களில் இவரும் ஒருவர். பணத்தைக் கொடுத்தேன். ரசீதைத் தந்துவிட்டு மேலுறையையும் என்னிடமே தந்தார். ஊரில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. இதை எழுதுவதால்தான் தெரியப் போகிறது.

பெருநாளன்று அவருக்குப் பிரியாணி கொடுத்தனுப்பும் வீடுகள் உண்டு. வாங்குவதில்லை. ஜகாத் வசூலிக்கப் போனவர் தமக்கு வந்த அன்பளிப்பைக் காட்டியபோது, தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று கேட்கப்பட்ட கதை நமக்குத் தெரியும். தாய்மார்கள் இதற்காக அவர்மேல் வருத்தப்படக் கூடாது.

தாய்மார்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வாளர் எப்போதோ ஒரு பையைத் திறக்கிறார். துப்புரவுப் பணிக்கு வரும் பெண் தினமும் நம் எல்லாப் பைகளையும் திறக்கிறாள். நாம் பிரிக்காததை அவள் வெறுங்கையால் பிரிக்கிறாள். நம் சர்க்கரை ஊசி அவள் விரலில் ஏறுகிறது. மஸ்ஜிதுன் நபவியைப் பெருக்கிய பெண்மணி இறந்ததைத் தமக்குத் தெரிவிக்கவில்லையே என்று வருந்தி, நபி (ஸல்) அவர்கள் அவரது கப்ரைத் தேடிப்போய்த் தொழுதார்கள். வாசலுக்கு வரும் பெண்ணின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஈரத்தைத் தனியாகவும் காய்ந்ததைத் தனியாகவும் கொடுத்து, ஊசியையும் பிளேடையும் ஒரு டப்பாவில் மூடி, சீட்டுகளைக் கிழித்துப் போட்டால் அந்தப் பையைக் கிளற யாருக்கும் அவசியம் வராது. நம் வீட்டின் மானத்தை மறைக்கும் திரை நம் அடுக்களையிலேயே தொங்குகிறது.

இவ்வளவையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. உண்மையான கேள்வி பிறகுதான் வந்தது. ஒரு பையில் முகவரியைத் தேடும்போது மதுப் புட்டிகள் கிடந்தனவாம். அபராதம் எழுதியாயிற்று, ரசீதில் கரையில் குப்பை கொட்டியதாக மட்டுமே எழுதினாராம். ஜமாஅத்தில் சொல்ல வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். புட்டி கிடந்தது என்பதற்கும் இன்னார் குடித்தார் என்பதற்கும் நடுவில் ஊகம் இருக்கிறது. மாடியில் வாடகைக்கு இருப்பவர் போட்டிருக்கலாம். ஊகத்தைத் தவிர்க்கும்படி சொன்ன அதே ஆயத்தில்தான் துருவி ஆராய்வதும் தடுக்கப்பட்டிருக்கிறது.

"அந்த வீட்டுப் பையனுக்குத்தான் மாமா என் சின்னம்மா மகளைக் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் எப்படி என்று சின்னம்மா என்னிடம் விசாரிக்கிறாள்" என்றார்.

சம்பந்தம் பேசும்போது கேட்டவருக்கு உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகாது என்று உலமாக்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் உத்தியோகக் கம்பால் கிளறிக் கண்டதை வீட்டுக் காரியத்துக்கு எடுக்கலாமா? சொல்லாமல் இருந்து அந்தப் பெண்பிள்ளை நாளைக்குக் கண்ணீர் விட்டால்? எனக்குத் தெரியவில்லை. ஆலிம்சாவிடம் கேள் என்றேன். இன்னும் கேட்கவில்லை என்று போன வெள்ளிக்கிழமை சொன்னார். சின்னம்மா நேற்றும் போன் செய்தாளாம்.