நட்சத்திரம், ஆட்டம், கூலி

தமிழ்நாட்டுக் கோயில்களில் பிறந்தநாள் என்பது நட்சத்திரக் கணக்கு. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27 நாளில் கடந்துவிடுவதால், ஒருவருடைய ஜன்ம நட்சத்திரம் மாதந்தோறும் வருகிறது. அவர் பிறந்த தமிழ் மாதத்தில் அது வரும் நாளே பிறந்தநாள். அலுவலகப் பதிவேட்டில் உள்ள தேதியோடு அது பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. அதனால் பல வீடுகளில் ஆண்டுக்கு இரண்டு பிறந்தநாள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, அர்ச்சனை செய்து, பாயசம் வைப்பது ஒரு நாள். நண்பர்களோடு கேக் வெட்டுவது இன்னொரு நாள். அர்ச்சனைத் தட்டை வாங்கும் குருக்கள் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்பார், வயதைக் கேட்பதில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் கேள்வி ஒன்றே. சந்நிதியில் எண்ணிக்கைக்கு இடமில்லை, ஆளுக்கே இடம்.

வயதுக்காகவே மக்கள் கூடும் தலம் திருக்கடையூர். அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று அது. பதினாறே வயது விதிக்கப்பட்ட மார்க்கண்டேயன் அங்கே லிங்கத்தைத் தழுவிக்கொள்ள, யமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழுந்தது. காலனைக் காலால் உதைத்தார் இறைவன். பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் சுழன்று, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது இங்கே சஷ்டியப்தபூர்த்தி நடக்கிறது. 70இல் பீமரத சாந்தி, 80இல் சதாபிஷேகம். யமன் எதிரே நின்றபோதும் மார்க்கண்டேயன் பூசையை விடவில்லை. நாளை எண்ணிக்கொண்டிருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பூசை செய்ய மனம் வந்திருக்காது.

விளையாட்டையும் பக்தி மரபு தள்ளி வைக்கவில்லை. மதுரைச் சொக்கநாதரின் அருட்செயல்களைப் பரஞ்சோதி முனிவர் பாடிய புராணத்துக்குப் பெயரே திருவிளையாடல். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்குப் பரமபத சோபான படம் விரித்து ஆடுவது வழக்கம். புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு. இன்று அந்த இடத்தில் கணினி இருக்கிறது. 2017இல் வெளிவந்த பப்ஜி விளையாட்டில் 100 பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். நால்வர் அணியில் ஒருவன் அடிபட்டு விழுந்தால் உடனே ஆட்டம் இழப்பதில்லை, தரையில் தவழ்வான். "டேய், நாக் ஆயிட்டேன், ரிவைவ் குடு" என்று ஹெட்போனில் குரல் வரும். தூக்கிவிட வருபவன் பக்கத்தில் மண்டியிட்டுச் சுமார் பத்து விநாடி அசையாமல் இருக்க வேண்டும். அந்நேரம் அவனால் சுட முடியாது. தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது. எத்தனை பேரை வீழ்த்தினான் என்ற கணக்கை மறந்து நண்பனுக்காக மண்டியிடும் அந்தப் பத்து விநாடி சாதாரணமானதல்ல. சரணாகதி அடைந்தவனைக் கைவிடாமை என்று பெரியவர்கள் சொல்லும் குணத்தின் முதல் பாடம் அங்கேயும் கிடைக்கிறது. ஆனால் மகாபாரதத்தில் தருமர் ஆடிய சூதும் ஆட்டமே. தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்த இடத்தில் அது பாவமாயிற்று. பணம் கட்டி ஆடுவதும், மறுநாள் பள்ளிக்கும் வேலைக்கும் போக முடியாதபடி விடிய விடிய ஆடுவதும் அந்த வழியில் கொண்டுபோய் விடும்.

விளையாட்டுக்கு அடுத்து வேலை. அதைப் பற்றிக் கீதை சொல்வது பலருக்கும் தெரியும்: செய்வதில் உரிமை உண்டு, பலனில் இல்லை. ஆயுத பூஜையன்று மானிட்டரின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி படைத்து வணங்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலையைப் பற்றி மதுரை சொல்லும் கதை இன்னும் நெருக்கமானது.

பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர் மாணிக்கவாசகர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவிட்டுத் தண்டனைக்கு ஆளானார். அவருடைய துன்பத்தைக் கண்ட இறைவனின் செயலால் வைகை பெருகிக் கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்றான் அரசன். ஆளில்லாத வந்திக் கிழவிக்காக இறைவனே கூலியாளாக வந்தான். கூலி, உதிர்ந்த பிட்டு. தின்றான், ஆடினான், உறங்கினான். கிழவியின் பங்குக்கரை மட்டும் அடைபடவில்லை. கோபத்தில் அரசன் பிரம்பால் ஓங்கி அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும், அரசி முதுகிலும், உலகத்து எல்லா உயிரின் முதுகிலும் விழுந்தது. திருவிளையாடல் 64இல் இது 61ஆவது.

கீழே வேலை செய்பவரை எல்லோர் முன்னும் கடிந்து பேசும் மேலதிகாரி இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் இலக்கு எட்டவில்லை என்று வீசும் சொல்லும் பிரம்புதான். அது யார் முதுகில் விழுகிறது என்று பாண்டியனுக்கும் முதலில் தெரியவில்லை.

இன்றும் ஆவணி மூலத்தன்று சொக்கநாதர் மீனாட்சியோடு மதுரை புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார். மண் சுமந்த லீலை அங்கே நடத்திக் காட்டப்படுகிறது. திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேர்கிறார். அன்றைய பிரசாதம் பிட்டு.